பத்தொன்பது முட்டைகள்

ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹௌட்டன் நூல் நிலையத்தில், விலை மதிக்க முடியாத கையெழுத்துப் பிரதிகளுக்கு நடுவே, ஒரு சமையல் குறிப்பும் இருக்கிறது. கறுப்பு கேக் செய்வதற்கான குறிப்பு. மாவு 2 ராத்தல், சர்க்கரை 2 ராத்தல், வெண்ணெய் 2 ராத்தல், முட்டை 19. பதினெட்டு அல்ல, இருபதும் அல்ல, பத்தொன்பது. பிறகு உலர்ந்த திராட்சை 5 ராத்தல், கரண்ட் என்னும் பொடித் திராட்சை ஒன்றரை ராத்தல், நார்த்தங்காய் இனத்தைச் சேர்ந்த ஸிட்ரன் பழத்தின் தோல் ஒன்றரை ராத்தல். பிராந்தி அரைப் பைண்ட், மொலாஸஸ் என்னும் கறுத்த கரும்புப் பாகு அரைப் பைண்ட், ஜாதிக்காய் இரண்டு, அதோடு கிராம்பு, ஜாதிபத்திரி, லவங்கப்பட்டை, ஆப்ப சோடா, உப்பு.

செய்முறை இரண்டே வரி. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்துக்கொள். முட்டைகளைத் தனியாக அடிக்காமல் அப்படியே சேர்த்து மறுபடி அடி. கேக் தட்டுகளில் ஊற்றினால் இரண்டரை அல்லது மூன்று மணி நேரம் வேக வேண்டும். பால் வைக்கும் அகன்ற பாத்திரம் நிறைய ஊற்றினால் ஐந்து, ஆறு மணி நேரம். அவ்வளவுதான். அளவு தெரிந்தவள், அளவு தெரிந்த இன்னொருத்திக்கு எழுதியது. நம் வீட்டுப் பாட்டிமார்கள் "பதம் பார்த்து இறக்கு" என்று சொல்லி முடித்துவிடுவார்களே, அந்த ஜாதி.

1883-ஆம் வருஷம் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தின் ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து இந்தக் குறிப்பு போயிற்று. நெல்லி ஸ்வீட்ஸர் என்ற சிநேகிதி பூக்கிழங்குகள் அனுப்பியிருந்தாள். அதற்குப் பதில் மரியாதையாகப் பூக்களும், கேக் துண்டும், செய்யும் விதமும். அனுப்பியவள் எமிலி டிக்கின்ஸன். இன்று அமெரிக்கக் கவிகளின் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் அதே எமிலி டிக்கின்ஸன்தான். ஆனால் அந்த வருஷம் நெல்லிக்கோ, ஊரில் வேறு யாருக்கோ, அப்படி ஒரு பெரிய கவி தங்கள் தெருவில் இருப்பதாகத் தெரியாது. நன்றாக கேக் செய்கிறவள், வெளியே வராதவள், வெள்ளை உடுப்பு உடுத்துகிறவள் என்பதுதான் தெரியும்.

எமிலி 1830 டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்தாள். தந்தை எட்வர்டு டிக்கின்ஸன் வக்கீல். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் பொக்கிஷதார். இரண்டு வருஷ காலம் அமெரிக்கக் காங்கிரஸிலும் அங்கத்தினராக இருந்தவர். தாத்தா 1813-ல் கட்டிய செங்கல் வீடு. அண்ணன் ஆஸ்டின் பக்கத்து வீட்டில். தங்கை லவீனியா கூடவே. பணத்துக்குப் பஞ்சமில்லாத, பெரிய மனிதர்கள் வந்து போகிற குடும்பம். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணும் அந்தக் காலத்து நியூ இங்கிலாந்தில் அடுப்பங்கரைக்கு விலக்கானவள் அல்ல. 1847-ல் மௌண்ட் ஹோல்யோக் பெண்கள் கலாசாலைக்குப் படிக்கப் போனாள். அங்கே மாணவிகள்தாம் வீட்டு வேலைகளைப் பங்கிட்டுச் செய்ய வேண்டும். எமிலியின் பங்கு, சாப்பாட்டு மேஜையில் கிடக்கும் கத்திகளைச் சேகரித்துக் கழுவித் துடைத்து வைப்பது. ஒரு வருஷத்துக்குள் படிப்பு முடிந்து வீடு திரும்பிவிட்டாள்.

வீட்டில் ரொட்டி அவள் இலாகா ஆயிற்று. தந்தைக்கு அவள் கையால் செய்த ரொட்டிதான் பிடிக்கும். வேறு யார் செய்தாலும் ரசிக்காது. 1856-ல் ஊர்க் கால்நடைச் சந்தையில் நடந்த போட்டிக்குத் தன் ரொட்டியை அனுப்பினாள். ரை தானிய மாவும் சோள மாவும் கலந்த ரொட்டி. இரண்டாம் பரிசு கிடைத்தது: 75 காசு. அடுத்த வருஷம் அவளே நடுவர்களில் ஒருத்தி. தன் வாழ்நாளில் ஊரார் முன்னிலையில் எமிலி பெற்ற பரிசு இந்த முக்கால் டாலர்தான். ஆயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட கவிதைகளை எழுதிய கைக்கு, ரை ரொட்டிக்காகக் கிடைத்த முக்கால் டாலர். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

கேக் என்பது அப்போது லேசான காரியமல்ல. இன்று கடையில் பொட்டலம் வாங்கி, மின்சார அடுப்பில் எண்ணைத் திருப்பி வைத்துவிட்டு, பத்திரிகை படிக்கப் போய்விடலாம். எமிலியின் பாட்டி காலத்தில் கேக் உப்ப வேண்டுமானால் ஈஸ்டு வேண்டும். இல்லையென்றால் கை வலிமை வேண்டும். மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நாலும் ஒவ்வொரு ராத்தல் சேர்ப்பதால் "பவுண்டு கேக்" என்று பெயர் பெற்ற பட்சணம், முட்டைக்குள் அடித்து ஏற்றிய காற்றை நம்பியே எழுந்து நிற்கும். கைக்குச்சியால் ஒரு மணி நேரம் போல அடிக்க வேண்டும். நடுவில் கை ஓய்ந்தால் காற்று இறங்கிவிடும்.

இந்தக் கஷ்டத்துக்கு ஒரு மாற்றைச் சாம்பலில் கண்டுபிடித்தார்கள். காடு அழித்துக் குவித்த விறகுச் சாம்பலைக் கரைத்துக் காய்ச்சி எடுத்தால் ஒரு வெள்ளை உப்பு கிடைக்கும். அதற்கு "பேர்ல் ஆஷ்" என்று பெயர். அமெரிக்க சர்க்கார் வழங்கிய முதல் பேடண்டே இந்தச் சாம்பல் உப்பைச் செய்யும் முறைக்குத்தான். 1790 ஜூலை 31-ஆம் தேதி, சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு, ஜார்ஜ் வாஷிங்டனின் கையெழுத்தோடு கொடுத்தது. ஆறு வருஷம் கழித்து, 1796-ல், அமீலியா ஸிம்மன்ஸ் என்ற பெண்மணி அமெரிக்கர் எழுதிய முதல் சமையல் புத்தகத்தை அச்சிட்டபோது அதில் பேர்ல் ஆஷ் மாவுக்குள் ஏறிவிட்டது. புளிப்போடு சேர்ந்தால் நுரைத்து மாவைத் தூக்கும். இங்கிலாந்தில் ஆல்பிரட் பேர்டு என்ற மருந்துக் கடைக்காரர், தம் மனைவிக்கு ஈஸ்டு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக 1843-ல் பேக்கிங் பவுடரைக் கலந்தார். மனைவிமார்களுக்காகச் செய்த விஞ்ஞானம் சரித்திரத்தில் அதிகமில்லை. அதனால் இதைச் சொல்லிவைக்கிறேன். 1846-லிருந்து அமெரிக்காவிலேயே ஆப்ப சோடா பொட்டலமாக விற்பனைக்கு வந்துவிட்டது.

ஆக, எமிலி அடுப்படிக்கு வந்த சமயத்தில் கேக் செய்வது புது வித்தையாகியிருந்தது. பழைய செங்கல் சூளை அடுப்புகள் போய் இரும்பு அடுப்புகள் வந்துகொண்டிருந்தன. சூடு காட்டும் கருவி கிடையாது. கையை அடுப்புக்குள் நீட்டி, எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்பதுதான் கணக்கு. சர்க்கரை, கூம்பாகக் கட்டிய பாறையாக வரும். இடுக்கியால் வெட்டி இடித்துச் சலிக்க வேண்டும். திராட்சையில் விதை இருக்கும்; ஒவ்வொன்றாகப் பிளந்து எடுக்க வேண்டும். ஐந்து ராத்தல் திராட்சை என்று எழுதுவது சுலபம்.

அந்தக் கறுத்த பாகைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிக்கின்ஸன் வீட்டில் இருந்த சமையல் புத்தகங்களில் ஒன்று, லிடியா மரியா சைல்டு அம்மையார் 1829-ல் வெளியிட்ட சிக்கனக் குடும்ப நூல். வீடு வீடாக விற்ற புத்தகம். அதே அம்மையார் 1833-ல் அடிமை முறையைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். எழுதியதும் பாஸ்டன் பெரிய மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருடைய புத்தக விற்பனை விழுந்தது. குழந்தைகளுக்காக நடத்திய பத்திரிகையும் அடுத்த வருஷம் அவர் கையை விட்டுப் போயிற்று. சிக்கனம் சொல்லித் தரலாம். சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்று கேட்கக் கூடாது. கியூபாவிலும் மற்றத் தீவுகளிலும் அடிமைகள் வெட்டிய கரும்பின் சாறுதான் நியூ இங்கிலாந்தின் அடுக்களைகளை இனிக்கச் செய்தது. கியூபாவில் அடிமை முறை அடியோடு ஒழிந்தது 1886-ல், எமிலி இறந்த அதே வருஷத்தில். நெல்லிக்கு அனுப்பிய சீட்டில் இந்தக் கறுப்பு கேக்கை அந்தத் தீவுகளில் ஒன்றின் பெயரைச் சொல்லி எமிலி வேடிக்கை செய்கிறாள். வேடிக்கைதான். ஆனால் பெயர் தவறவில்லை.

முப்பது வயதுக்குப் பிறகு எமிலி மெல்ல மெல்ல வெளியே போவதை நிறுத்திவிட்டாள். பிறகு வந்தவர்களைப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டாள். காரணம் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். காதல் தோல்வி என்றால் வாசகர்களுக்குப் பிடிக்கும், ஆகையால் அதைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் சிரத்தையில்லை. அவள் போகாத வீடுகளுக்கெல்லாம் அவள் செய்த பட்சணம் போயிற்று என்பதுதான் எனக்கு முக்கியம். சாவு வீடா, பிள்ளை பெற்ற வீடா, நோய் கண்ட வீடா, ஒரு கேக்கோ ரொட்டியோ போகும். கூடவே தோட்டத்துப் பூ, ஒரு துண்டுக் காகிதம். காகிதத்தில் இரண்டு வரி இருக்கும். சில சமயம் அது கவிதை. பெற்றுக்கொண்டவர்கள் கேக்கைச் சாப்பிட்டார்கள். நல்ல வேளையாகக் காகிதத்தையும் எறிந்துவிடவில்லை.

குழந்தைகளிடம் மட்டும் திரை இல்லை. அண்ணன் பிள்ளைகளும், பாதிரியார் வீட்டுப் பையன் மக்ரெகர் ஜென்கின்ஸும் தோட்டத்தில் கொள்ளைக்காரர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள். மாடி ஜன்னல் திறக்கும். கயிற்றில் கட்டிய கூடை ஒன்று மெதுவாக இறங்கும். உள்ளே சுக்கு மணக்கும் இஞ்சி கேக்குகள். நீளவட்ட வடிவம், மேலே பழுப்பு, கடித்தால் மொறுமொறு. ஜென்கின்ஸ் பெரியவராகி 1930-ல் எமிலியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவருக்கு அவள் சிநேகிதி, அடுத்த வீட்டுக்காரி, பிறகுதான் கவி. அந்த இஞ்சி கேக்கின் அளவும் தப்பிப் பிழைத்திருக்கிறது: மாவு ஒரு க்வார்ட், வெண்ணெய் அரைக் கோப்பை, பாலேடு அரைக் கோப்பை, சுக்குப் பொடி ஒரு மேஜைக் கரண்டி, சோடாவும் உப்பும் ஒவ்வொரு சிறு கரண்டி, மிச்சத்துக்கு மொலாஸஸ் விட்டுப் பிசைய வேண்டியது.

இனி அந்தக் காகிதங்களுக்கு வருகிறேன். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஒரு தாள் இருக்கிறது. ஒரு பக்கம் கார்மைகேல் அம்மாள் சொன்ன தேங்காய் கேக்: தேங்காய் ஒரு கோப்பை, மாவு இரண்டு, சர்க்கரை ஒன்று, வெண்ணெய் அரை, பால் அரை, முட்டை இரண்டு, சோடா அரைக் கரண்டி, க்ரீம் ஆப் டார்ட்டர் ஒரு கரண்டி. இது பாதி அளவு என்று கீழே குறிப்பு. தாளைத் திருப்பினால், திரும்பி வராத விஷயங்களைப் பற்றி ஒரு கவிதையின் நகல். எது முதலில் எழுதப்பட்டது, கவிதைக்காகச் சமையல் நின்றதா, சமையலுக்காகக் கவிதை நின்றதா என்றெல்லாம் கற்பனை செய்ய இடம் இருக்கிறது. பிரெஞ்சு சாக்லேட் ஒன்றின் மேலுறையிலும் எழுதியிருக்கிறாள். கிழித்த கடித உறைகளின் உட்புறத்திலும் எழுதியிருக்கிறாள். அவளுடைய சித்தி மகள் லூயிஸா நார்க்ராஸ் 1904-ல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், உக்கிராண அறையின் குளிர்ச்சியில் பாலேடு எடுத்துக்கொண்டே எமிலி எழுதியதை வாசிப்பாள் என்றும், கதவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து தான் கேட்பதுண்டு என்றும் சொல்கிறாள்.

அழகான சித்திரம். அழகான சித்திரங்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டு, "பார்த்தீர்களா, கரண்டியும் பேனாவும் ஒரே கையில் எப்படி இணைந்து போகின்றன, பெண்ணானவள் சமையலறையிலிருந்தே காவியம் படைக்கலாம்" என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசுகிறவர்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

எமிலிக்கு வீட்டு வேலை எல்லாமே பிடித்திருந்தது என்பது பொய். தாய் படுத்துவிட்ட 1850-ஆம் வருஷக் கடிதங்களில் குடும்ப பாரத்தைப் பற்றிப் புலம்பல் இருக்கிறது. பெருக்குவதும் தேய்ப்பதும் தங்கை லவீனியாவின் தலையில். எமிலி ரொட்டியையும் கேக்கையும் தோட்டத்தையும் எடுத்துக்கொண்டாள். 1866-ல் ஒரு சிநேகிதிக்கு எழுதும்போது, வீடு சுத்தம் செய்து நடக்கிறது, இதைவிடக் கொள்ளைநோயே மேல் என்ற பொருளில் ஒரு வரி போடுகிறாள். அந்த 1866-ஆம் வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கின்ஸன் வீட்டில் மார்கரெட் ஓபிரையன் என்ற ஐரிஷ் வேலைக்காரி பல வருஷங்கள் இருந்தாள். எமிலி வெள்ளமாக எழுதித் தள்ளிய காலமும் அதுதான். கையெழுத்தையும் காகிதத்தையும் ஆராய்ந்து கவிதைகளுக்கு வருஷம் கணித்த பிராங்க்ளின் என்ற அறிஞரின் கணக்குப்படி, 1863-ல் மட்டும் 295 கவிதைகள், 1865-ல் 229. அந்த 1865-ன் இலையுதிர் காலத்தில் மார்கரெட் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். 1866-ல் எமிலி எழுதியவை 10. அடுத்த மூன்று வருஷமும் அதே மாதிரி பத்து, பன்னிரண்டு. அதுவரை வந்துபோன தாற்காலிகக் கைகளைத் தவிர, நிலையாக ஆள் அமையவில்லை. 1869-ல் மார்கரெட் மாஹர் என்ற இன்னொரு ஐரிஷ் பெண் வந்து சேர்ந்தாள். கவிதை மறுபடி தலை தூக்கியது. முன்போல வெள்ளமாக அல்ல, ஆனாலும் தூக்கியது.

இதை வேலைக்காரிகளின் பக்கத்திலிருந்து ஆராய்ந்து புத்தகம் எழுதியவர் ஈஃபா மர்ரே என்ற அம்மையார். அவர் சொல்வது எனக்கு நியாயமாகவே படுகிறது. வேறு காரணங்களும் உண்டு. 1864, 1865 இரண்டு வருஷமும் கண் வைத்தியத்துக்காக எமிலி மாதக்கணக்கில் பாஸ்டன் பக்கம் போய் இருந்தாள். உள்நாட்டு யுத்தம் முடிந்து நாட்டின் மனநிலையே மாறியிருந்தது. எழுத்து தானாகவே வற்றுவதும் உண்டு. எழுதுகிறவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். இருந்தாலும், கேக்குக்கு மாவு கலந்தவள் கவிதைக்கும் நேரம் கண்டாள் என்றால், கரி அள்ளியவள், தண்ணீர் சுமந்தவள், பாத்திரம் தேய்த்தவள் இன்னொருத்தி. பத்தொன்பது முட்டையும் ஐந்து ராத்தல் திராட்சையும் எழுதியிருக்கும் சீட்டில், விதை எடுப்பது யார் என்று எழுதவில்லை.

1870 ஆகஸ்டில் ஹிக்கின்ஸன் என்ற இலக்கியப் பிரமுகர் அவளைப் பார்க்க வந்தார். எட்டு வருஷமாகக் கடிதத்தில் மட்டும் பழக்கம். தன் கவிதைகளுக்கு உயிர் இருக்கிறதா என்று 1862-ல் அவரிடம்தான் அவள் கேட்டு எழுதியிருந்தாள். நேரில் பேசியபோது, வீட்டு ரொட்டி முழுவதும் தானே செய்வதாகவும், ஜனங்களுக்குப் புட்டிங் வேண்டியிருக்கிறதே என்றும் அவள் சொன்னாள். ஹிக்கின்ஸன் அன்று இரவே தம் மனைவிக்கு அதை எழுதினார். நல்லவர், படித்தவர். இந்தப் பெண்ணை என்ன செய்வதென்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. அவள் இருந்தவரை அச்சேறியவை பத்துக் கவிதைகளைப் போல. அதுவும் பெயரில்லாமல், பத்திரிகைக்காரர்கள் திருத்திப் போட்டவை.

மாஹர் வந்தபின் சமையல் மார்கரெட்டோடு பங்கு. பதினேழு வருஷம் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் வெந்தார்கள் என்று சொல்லலாம். தன் கவிதைகளில் சிலவற்றை எமிலி இந்த மார்கரெட்டின் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள் என்று மர்ரே எழுதுகிறார். அண்ணன் வீட்டில் வைக்கவில்லை, கல்லூரியில் வைக்கவில்லை. ஐரிஷ் சமையற்காரியின் பெட்டியில்.

1886 மே 15-ஆம் தேதி எமிலி இறந்தாள். மரணப் பதிவில் தொழில் என்ற கட்டத்தில் "வீட்டில்" என்று எழுதினார்கள். அறையைத் துப்புரவு செய்யப் போன லவீனியா, நூலால் தைத்த சிறு ஏடுகள் நாற்பதையும், கட்டுக் கட்டாக மற்றக் காகிதங்களையும் கண்டாள். முதல் புத்தகம் 1890-ல் வெளிவந்தது. பதிப்பித்தவர்களில் ஒருவர் அதே ஹிக்கின்ஸன்.

ஹௌட்டன் நூல் நிலையத்தில் டிசம்பர் மாதத்தில் அவள் பிறந்த நாளுக்கு அந்தக் கறுப்பு கேக்கைச் சீட்டில் உள்ள அளவின்படியே செய்து பகிர்ந்துகொள்ளும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. வெந்து இறக்கினால் இருபது ராத்தலை நெருங்குமாம். பத்தொன்பது முட்டைகளையும் குறைக்காமல் போட்டுத்தான் செய்கிறார்களாம்.

சவ ஊர்வலம் அவள் சொல்லிவைத்தபடி நடந்தது. பிரமுகர்கள் வாசல் பக்கம் கூடியிருந்தார்கள். வெள்ளைப் பெட்டியைத் தூக்கியவர்கள் அந்த வீட்டில் வேலை பார்த்த ஆறு ஐரிஷ்காரர்கள். முன்வாசல் வழியாகப் போகவில்லை. கொல்லைப்புறக் கதவைத் திறந்து, களஞ்சியத்தைக் கடந்து, பூத்துக் கிடந்த வயல் வழியாகக் கொண்டுபோனார்கள்.